ரொட்டிக்கும் லோஃபருக்கும் என்ன உறவு?

கேள்வி: வணக்கம் சார். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘லோஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லால் எங்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்து. தேர்வில் ‘டூ லோஃப்ஸ் ஆஃப் பிரெட்’ என்று எழுதினாள், மதிப்பெண் போய்விட்டது. அப்புறம் ஒரு கட்டுரையில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருப்பேன் என்பதற்கு ‘ஐ லோஃப் அபௌட் அட் ஹோம்’ என்று எழுதினாள். ஆசிரியை அதைச் சிவப்பில் வட்டமிட்டு, ‘கெட்ட வார்த்தை’ என்று எழுதிவிட்டார். அகராதியில் பார்த்தால் ரொட்டி என்றும் இருக்கிறது, வேலை செய்யாமல் பொழுதைப் போக்குவது என்றும் இருக்கிறது. டியூஷன் சாரிடம் கேட்டோம். ‘அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேலைக்குப் போகாமல் இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களை லோஃபர் என்றார்கள், அதனால்தான் இரண்டு அர்த்தம்’ என்று சொல்லி நோட்டிலும் எழுதிக் கொடுத்தார். இதற்கு நடுவில் என் மாமனார், படிப்பை முடித்துவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் என் மகனை எப்போது பார்த்தாலும் ‘லோஃபர்’ என்று திட்டுகிறார். டியூஷன் சார் சொன்னது உண்மையா? எது சரியான பன்மை? இந்தச் சொல்லைப் பள்ளியில் எழுதலாமா, கூடாதா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

டியூஷன் ஆசிரியர் சொன்ன கதை உண்மையில்லை. ரொட்டியைக் குறிக்கும் லோஃப் வேறு, சும்மா பொழுதைப் போக்குவதைக் குறிக்கும் லோஃப் வேறு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக அமைந்துவிட்ட இரண்டு தனிச் சொற்கள் இவை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து பார்த்தால் லோஃப் என்ற தலைச்சொல் இரண்டு முறை வரும். பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று சொல்வதற்காகவே அந்த எண். மாணவர்களுக்கான கைக்கு அடக்கமான அகராதிகள் இடம் போதாமல் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிடும். பார்க்கிற பிள்ளைக்கு ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று தோன்றுவது இயல்புதான்.

அப்படியானால் உண்மை வரலாறு என்ன? அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நோட்டில் இருக்கிற கட்டுக்கதையைவிட அது சுவையானது. உங்கள் மகளுக்குப் புரியாத எதுவும் அதில் இல்லை.

ரொட்டி லோஃப் ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதை ‘ஹ்லாஃப்’ என்றார்கள். முன்னால் ஒரு ஹகர ஒலி இருந்தது. அன்றைக்கு அது ரொட்டி என்ற உணவுக்கே பொதுப்பெயர். எங்கள் அன்றாட அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்று கிறிஸ்தவர்கள் வேண்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஜெபத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் ‘பிரெட்’ இல்லை, ‘ஹ்லாஃப்’தான் இருக்கிறது. பிறகு பிரெட் என்ற சொல் மேலே வந்து உணவின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. ஹ்லாஃப், ஒரே உருவாகச் சுட்டெடுத்த முழு ரொட்டி என்ற அளவுக்குச் சுருங்கி, முன்னாலிருந்த ஹகரத்தையும் உதிர்த்துவிட்டு, லோஃப் ஆனது. ஜெர்மன்காரர்கள் இன்றும் முழு ரொட்டியை ‘லைப்’ என்கிறார்கள். ரஷ்யாவில் ரொட்டிக்குப் பெயர் ‘ஹ்லெப்’. அது மிகப் பழங்காலத்தில் ஜெர்மானிய மொழியிலிருந்து அவர்கள் வாங்கிக்கொண்டது. வடக்கே பின்லாந்துக்காரர்கள் ‘லெய்பா’ என்று சொல்வதும் அதே வழியில் போய்ச் சேர்ந்ததுதான்.

இந்த ஹ்லாஃப் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன இரண்டு சொற்களை உங்கள் மகள் தினமும் பார்க்கிறாள், உறவுதான் தெரியாது. வீட்டின் ரொட்டியைக் காத்து வைத்திருந்தவர் ‘ஹ்லாஃப்வெயர்ட்’, அதாவது ரொட்டிக் காவலர். அது தேய்ந்து ஹ்லாஃபோர்ட் ஆனது, இன்னும் தேய்ந்து இன்றைய ‘லார்ட்’ ஆனது. ரொட்டிக்கு மாவு பிசைந்தவர் ‘ஹ்லாஃப்டியெ’. அவர்தான் இன்றைய ‘லேடி’. பிசைவதைக் குறித்த அந்தப் பின்பாதியின் உறவு, பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’ என்ற சொல்லிலும், பால் சம்பந்தப்பட்ட ‘டெய்ரி’ என்ற சொல்லிலும் இன்னும் இருக்கிறது. டெய்ரியில் பால் கறந்த பணிப்பெண்ணுக்கு முதலில் மாவு பிசைகிறவள் என்றுதான் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சொல். அது இன்று வழக்கில் இல்லை. வீட்டுத் தலைவரின் ரொட்டியை உண்டு அவரிடம் வேலை செய்தவரை ‘ஹ்லாஃபேட்டா’ என்றார்கள். ரொட்டி உண்பவர் என்று பொருள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட எதெல்பெர்ட் மன்னரின் சட்டத் தொகுப்பில் இந்தச் சொல் வருகிறது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தத் தொகுப்புதான் ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம். ஒரு குடியானவரின் ஹ்லாஃபேட்டாவை யாராவது கொன்றுவிட்டால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும் என்கிறது அது. செஞ்சோற்றுக் கடன் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு, யார் சோறு போடுகிறார், யார் உண்கிறார் என்பதை வைத்து உறவுக்குப் பெயரிட்ட ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை.

டியூஷன் ஆசிரியரின் கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது, கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் ரொட்டி உண்பவர் என்றால் சோம்பேறி அல்ல, அந்த வீட்டுக்காக உழைத்தவர். ரொட்டியைச் சுற்றிப் பிறந்த சொற்கள் காவலரையும், பிசைந்தவரையும், உழைத்தவரையும் குறித்தன. ஆகஸ்ட் 1-ஆம் தேதி, புதுக் கோதுமையில் செய்த ரொட்டியை ஆலயத்துக்குக் கொண்டுபோய் வைத்த நாளுக்கு ‘ஹ்லாஃப்மாஸ்’ என்று பெயர், அது பின்னால் ‘லாமஸ்’ ஆனது. உழைப்புக்கும் அறுவடைக்கும் இவ்வளவு நெருக்கமாக இருந்த ஒரு சொல்லிடம் போய்ச் சோம்பலுக்கு வேர் தேடுவது நியாயமில்லை.

சரி, லோஃபர் எங்கிருந்து வந்தார்? அமெரிக்காவிலிருந்து, அதுவும் நேற்று வந்தவர். அச்சில் இந்தச் சொல் தென்படத் தொடங்குவது 1830 வாக்கில். ஹ்லாஃபுக்கும் லோஃபருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி, ஒரு பெருங்கடல் வேறு குறுக்கே கிடக்கிறது. இங்கிலாந்தில் ரொட்டி வரிசையில் பிறந்த சொல்லாக இருந்தால் இங்கிலாந்தின் பழைய எழுத்துகளில் எங்காவது அகப்பட்டிருக்க வேண்டும். அகப்படவில்லை.

அதன் வேரைப் பற்றி நல்ல அகராதிகள் ‘ஒருவேளை’ என்ற அடைமொழியோடுதான் பேசுகின்றன. அவை காட்டும் வழி ‘லாண்ட்லாய்ஃபர்’ என்ற ஜெர்மன் சொல். லாண்ட் என்றால் நாடு, லாய்ஃபர் என்றால் ஓடுகிறவர். தமிழில் அப்படியே சொன்னால் நாடோடி! இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே மாதிரி கோத்திருக்கிறார்கள். ஜெர்மன் பேசுபவர்கள் அமெரிக்காவில் நிறையக் குடியேறியிருந்தார்கள், அவர்கள் வாயிலிருந்து இது ஆங்கிலத்துக்குப் போய் முன்பாதியை இழந்து லோஃபர் ஆகியிருக்கலாம் என்பது கருத்து. இதை முழுதாக ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் ரொட்டியிலிருந்து வந்தது என்று எந்த நல்ல அகராதியும் சொல்வதில்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லின் வேர் முழுதாக நிறுவப்படாதபோது ‘ஒருவேளை’ என்று எழுதுவது அகராதிக்காரர்களின் நேர்மை. அந்த இடத்தை ஒரு கதையால் நிரப்பிவிட்டால், பிள்ளை அதை வரலாறு என்று நம்பி ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லோஃப் என்ற வினை முதலில் இருந்து, அதைச் செய்கிறவர் லோஃபர் ஆனார் என்றுதான் எல்லாரும் நினைப்போம். நடந்தது தலைகீழ். முதலில் வந்தவர் லோஃபர். அவர் செய்வது ‘லோஃப்’ ஆகத்தான் இருக்கும் என்று பேசுகிறவர்கள் கடைசிப் பகுதியைக் கழற்றி ஒரு வினையை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். எடிட்டர் முதலில் வந்தார், எடிட் என்ற வினை அதற்குப் பிறகு வந்தது. திருடனைக் குறிக்கும் ‘பர்க்ளர்’ பல நூற்றாண்டு இருந்த பிறகுதான் ‘பர்கிள்’ என்ற வினை 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. ஆக, வால் கழன்ற லோஃபர் தற்செயலாக ரொட்டியின் வடிவத்தில் வந்து நின்றுவிட்டது. இரண்டு சொற்களும் சந்தித்த கதை அவ்வளவுதான்.

இப்படி நடக்குமா என்று உங்கள் மகள் கேட்டால், தமிழிலேயே நடந்திருக்கிறது என்று சொல்லுங்கள். ‘ஆறு’ என்றால் நதி, ‘ஆறு’ என்றால் ஐந்துக்கு அடுத்த எண். காவிரிக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கதை கட்டுவதில்லை. சங்கத் தமிழில் இவை வேறு வேறாகவே இருந்தன. எண் ஆறு, நதி ‘யாறு’. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற புறநானூற்றுப் பாட்டில் பெரிய நதி ‘பேர்யாற்று’ என்றுதான் வருகிறது. யானை பேச்சில் ஆனை ஆனதுபோல யாறும் தன் யகரத்தை இழந்தது, எண்ணோடு ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் இந்த விபத்து நடக்கவில்லை. அங்கே எண் ‘ஆரு’, நதி ‘ஏரு’. பாலேரு, முன்னேரு என்று நதிப் பெயர்களிலேயே அது இருக்கிறது. (ஆற்றுப்படையில் வருகிற ஆறு, வழி என்ற பொருளில் மூன்றாவதாக ஒன்று. அதை இங்கே இழுத்தால் குழம்பும்.) யாறு யகரத்தை உதிர்த்ததையும் ஹ்லாஃப் ஹகரத்தை உதிர்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. லோஃப் என்பதற்குத் ‘தலை’ என்று மூன்றாவதாக ஒரு பொருள் பிரிட்டிஷ் பேச்சில் இருக்கிறது. ‘யூஸ் யுவர் லோஃப்’ என்றால் மூளையைக் கொஞ்சம் உபயோகி என்று அர்த்தம். பார்த்தால் இதுதான் ரொட்டிக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் இது உண்மையிலேயே ரொட்டி லோஃபின் பிள்ளை. லண்டனின் கிழக்குப் பகுதியில் உழைக்கும் மக்களிடையே ஓர் இயைபு விளையாட்டு இருந்தது. சொல்ல வேண்டிய சொல்லுக்குப் பதிலாக அதனோடு கடைசி ஒலி இயைகிற ஒரு தொடரைச் சொல்வார்கள். படிக்கட்டைக் குறிக்கும் ‘ஸ்டேர்ஸ்’ என்பதற்கு ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’ என்பதற்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’. நாளடைவில் இயைபைத் தாங்கிய பிரெட்டையே விட்டுவிட்டு லோஃபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொருளைப் பார்த்து உறவை முடிவு செய்தால் இந்தச் சொல்லில் நிச்சயம் ஏமாந்துபோவோம். சீனியைக் கூம்பு வடிவில் உறைய வைத்து விற்ற காலத்தில் அந்தக் கூம்புக்கும் லோஃப் என்றுதான் பெயர். ரியோ டி ஜெனிரோவில் கடலோரம் 396 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ‘சுகர்லோஃப்’ மலைக்கு அந்த உருவத்தை வைத்தே பெயர் வந்தது. போர்ச்சுகீசிய மொழியில் அதன் பெயரில் உள்ள முதல் சொல், ரொட்டியைக் குறிக்கும் ‘பாவ்ங்’. இலங்கைத் தமிழர்கள் கடையில் ‘ஒரு றாத்தல் பாண்’ என்று கேட்கும்போது அந்தப் பாணும் அதே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இனிப் பன்மைக்கு வருகிறேன். ரொட்டிக்கு ‘லோவ்ஸ்’. மதிப்பெண் குறைத்தது சரிதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் எஃப் ஏன் வி ஆகிறது என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. இதற்கும் தமிழ் கைகொடுக்கும். ‘காகம்’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ககரம் ஒரு மாதிரி ஒலிக்கிறது, உள்ளே இருக்கும் ககரம் மெலிந்து ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதால் ஒலி மாறியது. நமக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, நாக்கு தானாகச் செய்கிறது. பழைய ஆங்கிலக்காரர்களின் நாக்கும் இதையே செய்தது. ‘ஹ்லாஃப்’ என்று தனியாக நின்றால் எஃப். பன்மையில் ‘ஹ்லாஃபஸ்’ என்று ஆனதும் அந்த எஃப் இரண்டு உயிர்களுக்கு நடுவே போய்விட்டது, வாயில் அது ‘ஹ்லாவஸ்’ என்று வந்தது. எழுதும்போது இரண்டுக்கும் எஃப்தான். பிற்காலத்தில் எழுத்தும் ஒலியைப் பின்பற்றி வி ஆனது. லீஃப் – லீவ்ஸ், உல்ஃப் – உல்வ்ஸ், நைஃப் – நைவ்ஸ், வைஃப் – வைவ்ஸ் எல்லாம் இந்தப் பழைய குடும்பம். ‘சீஃப்’ போன்றவை பின்னால் பிரெஞ்சிலிருந்து வந்தவை, இந்த மாற்றம் அவற்றைத் தொடவில்லை. அதனால் ‘சீஃப்ஸ்’. கூரையைக் குறிக்கும் ‘ரூஃப்’ பழைய சொல்லாக இருந்தும் இன்று ‘ரூஃப்ஸ்’ என்றே எழுதப்படுகிறது. அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது சோம்பல் லோஃபைப் பாருங்கள். அது வினை. ‘அவன் சும்மா திரிகிறான்’ என்று சொல்ல ‘ஹீ லோஃப்ஸ் அரவுண்ட்’ என்று எஃப்போடுதான் எழுத வேண்டும். அங்கே வி போட்டால் தவறு. இந்தச் சொல் 19-ஆம் நூற்றாண்டில் வருவதற்குள் அந்தப் பழைய ஒலி மாற்றத்தின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆக, உங்கள் மகள் எழுதிய ‘லோஃப்ஸ்’ ஆங்கிலத்தில் இல்லாத வடிவம் அல்ல, ரொட்டிக்குப் போட்டதுதான் பிழை. இரண்டு சொற்களும் வேறு வேறு என்பதற்கு, அகராதியைக் கூடத் திறக்காமல் பார்க்கக்கூடிய அடையாளமும் இதுதான். அவள் மனதில் நிற்க ஒரு தொடர் வேண்டுமென்றால் பைபிளில் இருக்கிறது: ஐந்து அப்பமும் இரண்டு மீனும், ‘ஃபைவ் லோவ்ஸ் அண்ட் டூ ஃபிஷஸ்’. பழைய ஆங்கில நற்செய்தியில் அந்த இடத்தில் ‘ஃபீஃப் ஹ்லாஃபஸ்’ என்றே இருக்கிறது. கூடவே இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். நாம் கடையில் ‘இரண்டு பிரெட் குடுங்க’ என்று கேட்போம். ஆங்கிலத்தில் பிரெட்டை அப்படி எண்ணக் கூடாது. முழு ரொட்டி என்றால் லோஃப், வெட்டிய துண்டு என்றால் ஸ்லைஸ், இவற்றைத்தான் எண்ண வேண்டும். பரீட்சையில் இந்தப் பிழையைப் பன்மைப் பிழையைவிட அதிகமாகப் பார்க்கிறேன்.

கட்டுரை விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம், ஆனால் முழுதாக அல்ல. ‘லோஃப் அபௌட்’ கெட்ட வார்த்தை இல்லை. ஞாயிறன்று வீட்டில் சும்மா கிடப்பதைச் சொல்ல அது பொருத்தமான, இதமான ஆங்கிலம். நம் பாரதி மதித்து எழுதிய அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-இல் வெளியிட்ட தன் மிகப் புகழ்பெற்ற கவிதையின் தொடக்கத்திலேயே இந்த வினையைத் தனக்கே சொல்லிக்கொள்கிறார், புல்லின் ஒரு தாளைப் பார்த்தபடி ஓய்ந்து சாய்ந்திருப்பதாக. ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தச் சொல்லில் கூச்சமில்லை. கூட்டமாக வேலை செய்யும்போது ஒவ்வொருவரும் தன் பங்கு உழைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதை உளவியலில் ‘சோஷியல் லோஃபிங்’ என்கிறார்கள். 1979-இல் அமெரிக்காவில் பிப் லாட்டனேயும் அவருடன் இருந்தவர்களும், ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கைதட்டச் சொல்லி, கத்தச் சொல்லி அளந்து பார்த்து இதைக் காட்டினார்கள். கல்லூரிப் பாடப்புத்தகத்தில் தலைப்பாகவே அச்சாகிற சொல்லைக் கெட்ட வார்த்தை என்று ஒதுக்க முடியாது.

ஆசிரியை ஏன் அப்படி எழுதினார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆங்கிலத்து லோஃபர் வெறும் வேலையற்றுத் திரிகிறவர்தான். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அந்தச் சொல் தடித்துவிட்டது. தெருமுனையில் நின்று பெண்களைக் கிண்டல் செய்கிறவன், ஒழுக்கம் கெட்டவன், பொறுக்கி என்ற பொருளெல்லாம் சினிமா வசனம் வழியாகவும் வீட்டுத் திட்டுகள் வழியாகவும் அதில் ஏறிக்கொண்டன. ஒரு பள்ளி மாணவி தன்னைப் பற்றி அந்தச் சொல்லை எழுதியதைப் பார்த்ததும் அவருக்குத் திக்கென்று இருந்திருக்கும். அவர் காதில் கேட்டது தமிழ் லோஃபர், உங்கள் மகள் எழுதியது ஆங்கில லோஃப். ஆனாலும் ஒரு விஷயத்தை அவள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அகராதிகள் இந்த வினையைப் பேச்சுவழக்கு என்று குறிக்கின்றன. நண்பருக்குக் கடிதம், நாட்குறிப்பு, கதை இவற்றில் தாராளமாக எழுதலாம். பொதுத்தேர்வுக் கட்டுரையில் ‘ரிலாக்ஸ்’ போன்ற பொதுவான சொல்லைப் போடுவதே பாதுகாப்பு. ஆசிரியையிடம் வாதாடப் போக வேண்டாம். அகராதிப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ‘மிஸ், இதில் பேச்சுவழக்கு என்று போட்டிருக்கிறது, எந்த மாதிரி கட்டுரையில் எழுதலாம்?’ என்று கேட்கட்டும். இப்படிக் கேட்கிற பிள்ளையை எந்த ஆசிரியரும் கடிந்துகொள்வதில்லை.

உங்கள் மாமனாரிடம் யார் பேசுவது என்பது உங்கள் குடும்ப விஷயம். மொழிக்காரனாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சொல்லே பொருந்தவில்லை. லோஃபர் ஊர் சுற்றுகிறவர். உங்கள் மகன் ஓரிடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். வேலை கிடைக்காத காலத்தில் ஓர் இளைஞனுக்கு வீட்டில் கிடைக்கிற பெயர் மனதில் ஆழமாகப் பதியும், அதுவும் தமிழ்நாட்டில் இவ்வளவு கனம் ஏறிவிட்ட ஒரு பெயர். பெரியவர் பேத்தி சொன்னால் கேட்பவர் என்றால், இந்தச் சொல்லின் கதையை அவளையே தாத்தாவிடம் சொல்லச் சொல்லுங்கள். ஷூ கடையில் லோஃபர் என்று விற்கிறார்களே, அது என்ன என்று அவர் திருப்பிக் கேட்கலாம். நார்வேயில் அவுர்லாண்ட் என்ற ஊரில் செய்த ஒருவகைச் செருப்பைப் பார்த்து 1930-களில் அமெரிக்காவில் பரவிய, கயிறு கட்டத் தேவையில்லாத காலணி அது. ஓய்வு நேரத்தில் சும்மா மாட்டிக்கொண்டு திரிவதற்கு என்பதால் அந்தப் பெயர்.

டியூஷன் ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளைக்கு மறக்காமல் இருக்கட்டும் என்று ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஆனால் இப்படிப் பழகிவிட்டால், அடுத்து நதிக்கரையையும் பணம் போடுகிற இடத்தையும் குறிக்கும் ‘பேங்க்’ வரும்போதும், மட்டைக்கும் வௌவாலுக்கும் பொதுவான ‘பேட்’ வரும்போதும் பிள்ளை தானாகவே கதை கட்டத் தொடங்கிவிடும். பேங்க் சொற்கள் இரண்டும் தூரத்து உறவு, பேட் சொற்கள் இரண்டும் உறவே இல்லை. கதையால் இந்த வித்தியாசம் தெரியாது, அகராதி பார்த்தால்தான் தெரியும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொல்லின் வரலாறும், முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் வந்தது என்பதும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். ஒரே ஒலியில் இரண்டு சொல் எதிர்ப்பட்டால் அவள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆண்டுகளைத்தான்.

நோட்டில் எழுதிக் கொடுத்ததைக் கிழிக்க வேண்டாம். அதன் கீழேயே ‘ஹ்லாஃப், பழைய ஆங்கிலம், ரொட்டி, பன்மை லோவ்ஸ்’ என்று ஒரு வரியும், ‘லோஃபர், அமெரிக்கா, 1830 வாக்கில், வேர் ஒருவேளை ஜெர்மன், வினை லோஃப்ஸ்’ என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் அதை டியூஷன் ஆசிரியரிடம் அவளே காட்டட்டும்.